புல்லறிவு



இன்றைய பேச்சுக்குப் 'புல்லறிவு' என்று பெயர் வைத்திருக்கிறேன். தமிழில் அச்சொல்லுக்கு அற்ப அறிவு என்பது பொருள். சிறுமையைக் குறிக்க வேண்டிய இடத்திலெல்லாம் நம் முன்னோர் புல்லையே எடுத்துக்கொண்டனர். 'புல்லன்' என்றால் கீழ்மகன். 'புன்மை' என்றால் இழிவு. ஆயினும் நான் இன்று பேச வந்திருப்பது புல்லைப் பற்றிய அறிவு. அவ்வறிவு அற்பமானதா, அன்றா என்பதைப் பேச்சின் முடிவில் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அந்த அறிவு எனக்கு இல்லை என்பதை நான் உணர்ந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் கல்லூரியில் தாவரவியல் பயின்றுகொண்டிருந்த காலம். விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். பாண்டிருப்புக்கு மேற்கே உறவினர் ஒருவரின் வயலில் பெரும்போக வேளாண்மை முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. எங்கள் பக்கத்தில் வயலில் நிற்கும் நெற்பயிரையே 'வேளாண்மை' என்று சொல்லுவது வழக்கம். பெண்கள் சிலர் வரிசையாகக் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தனர். தாவரவியல் மாணவன் வரம்பில் நின்று வேடிக்கை பார்ப்பதா என்று நானும் இறங்கினேன். அரை மணி நேரம் பாடுபட்டு, ஒரு கட்டுக் களையுடன் பெருமிதமாகக் கரையேறினேன். அவர்களுள் மூத்தவரான ஓர் அம்மா என் கட்டை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"என்ன தம்பி இது? வேளாண்மையப் புடுங்கிப்போட்டு நெற்சப்பிய உட்டுட்டு வாறீங்களே!" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வயலில் குனிந்து ஒரு நெற்பயிரையும் அதன் அருகே நின்ற ஒரு நெற்சப்பியையும் வேரோடு எடுத்து, என் இரு கைகளிலும் கொடுத்தார். "தலையப் பாக்காதீங்க தம்பி, கழுத்தப் பாருங்க. நெல்லுக்கு நாக்கு இருக்கு; இதுக்கு நாக்கு இல்ல" என்றார்.

அவர் சொன்னபடி கழுத்தைப் பார்த்தேன். புல்லின் இலை, தண்டை உறைபோல் தழுவி மேலேறி, ஓரிடத்தில் தண்டை விட்டு விலகி வெளியே விரிகிறது. அந்த இடத்தையே அவர் கழுத்து என்றார். நெல்லின் கழுத்தில், இலைக்கும் தண்டுக்கும் நடுவே, வெண்மையான மெல்லிய சவ்வொன்று இரு கூராகப் பிளந்து எழுந்து நிற்கும். அதுவே நாக்கு. அதன் இரு பக்கத்திலும் மயிர் படர்ந்த சிறு கொக்கிகள் போல இரண்டு செவிகள் தண்டைப் பற்றிக்கொண்டிருக்கும். நெற்சப்பியின் கழுத்திலோ நாக்கும் இல்லை, செவியும் இல்லை. வழுவழுப்பான வெறும் மடிப்பே உண்டு. என் பாடநூலில் இதே செய்தி ஒரு மூலையில் அச்சாகியிருந்தது. நான் படித்தும் இருந்தேன்; ஆயினும் அதைக் கண்ணால் கண்டவனாக இருக்கவில்லை.

நேயர்களே, புல்லை அறிவது எப்படி என்ற கேள்விக்கு அந்த அம்மாவின் சொல்லே முதல் விடை. பூவையும் கதிரையும் பார்த்து அடையாளம் சொல்லுவது எளிது. ஆனால் கதிர் வந்த பிறகு அறிந்து பயன் என்ன? களையென்றால் அதன் விதை அதற்குள் மண்ணில் உதிர்ந்துவிடும். ஆகவே, கதிர் இல்லாத பருவத்திலேயே அறியக் கற்கவேண்டும். அதற்குக் கழுத்து, கணு, தண்டு, வேர் என்ற நான்கையும் வரிசையாக ஆராய வேண்டும்.

முதலில், புல் என்பது எது என்று வரையறுத்துக்கொள்வோம். தொல்காப்பியத்து மரபியல், வெளிப்புறத்தில் வயிரம் கொண்டவற்றைப் புல் என்றும், உள்ளே வயிரம் கொண்டவற்றை மரம் என்றும் வகுத்திருக்கிறது. அவ்வகுப்பின்படி மூங்கிலும் பனையும் தென்னையும் புல்லாகும். இன்றைய தாவரவியல் பனையையும் தென்னையையும் வேறு குடும்பத்தில் வைத்தாலும், மூங்கிலைப் புற்குடும்பத்திலேயே சேர்த்திருக்கிறது. நெல், குரக்கன், சோளம், கரும்பு, மூங்கில் யாவும் ஒரே குடும்பம். உலகில் இக்குடும்பத்து இனங்கள் 11,000-க்கு மேல் உள்ளன. மனிதகுலம் உண்ணும் உணவின் பெரும்பகுதி இந்த ஒரு குடும்பத்திலிருந்தே வருகிறது. புல்லை இகழ்ந்து பேசிய வாய் மூன்று வேளையும் உண்பது புல்லின் விதையைத்தான்.

இனி, ஊரில் புல் என்று அழைக்கப்படுவன எல்லாம் புல் அல்ல. கோரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டை இரு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள், உருளாது. மூன்று பட்டையாக முனை தட்டும். ஒடித்தால் உள்ளே நெட்டி நிறைந்திருக்கும், கணு காணப்படாது. இலைகள் மூன்று வரிசையாகப் புறப்படும். புல்லின் தண்டோ விரலில் உருளும். கணுக்கணுவாக அமைந்து, பெரும்பாலும் கணுக்களுக்கிடையே உள்ளீடற்றிருக்கும். இலைகள் இடமும் வலமுமாக இரண்டே வரிசையில் நிற்கும். இதை ஒரு சிறுவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் இது தெரியாதவர் கோரையைப் புல்லென்று நினைத்து மேலே பிடுங்கிவிட்டு, மண்ணுக்குள்ளே கிழங்கை விட்டுவிடுவார். பத்து நாளில் அது மீண்டும் தலைகாட்டும். பாய் இழைக்கும் பன்னும் இந்தக் கோரைக் குடும்பத்தின் உறவே. தட்டையான ஓலையும் பழுப்பு நிற உருளைக் கதிரும் கொண்டு நீர்க்கரையில் நிற்கும் சம்பு, புல்லுமல்ல, கோரையுமல்ல; அது வேறொரு குடும்பம்.

இவ்வளவு தெரிந்துகொண்டால் நடக்கத் தொடங்கலாம். பாண்டிருப்பின் கடற்கரையில் கிழக்கே முகம் வைத்து நில்லுங்கள். வடக்கே மருதமுனை, தெற்கே கல்முனை. அங்கிருந்து திரும்பி, மேற்கே மலைப்பக்கம் வரையில் என்னுடன் ஒருமுறை நடந்து வாருங்கள்.

கடற்கரை மணலில் முதலில் நம்மை வரவேற்பது இராவணன் மீசை. இதை அறிய நாக்கைத் தேடவேண்டியதில்லை. காலில் குத்தியே தன்னை அறிவித்துக்கொள்ளும். சாம்பல் பூத்த பச்சை நிறம். உள்நோக்கிச் சுருண்ட விறைப்பான இலை. ஊசி போன்ற நுனி. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியின் கதிர்கள் திரண்டு, முள் சூழ்ந்த பெரும் பந்தாக உருவெடுக்கும். முற்றியதும் அப்பந்து காம்பிலிருந்து கழன்று, காற்றடிக்கும் திசையெல்லாம் மணலில் உருண்டோடும். கடற்கரையில் ஓடி விளையாடிய பிள்ளைகள் எவரும் அதைத் துரத்தாமல் இருந்திருக்க மாட்டார்கள். விளையாட்டுப் பொருளாக நாம் கண்ட அப்பந்து, உருளும் வழியெல்லாம் தன் விதையைப் பரப்பும் கருவியாகும்.

இதன் தண்டு மணலின்மேல் நெடுந்தூரம் ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைப் பிடிக்கும். காற்றுக் கொண்டுவரும் மணல் இலைகளிடையே தங்கும். தங்கிய மணலுக்கு மேலாகப் புல் மீண்டும் எழும். இப்படியே மணல் மேடு உயர்கிறது. இதன் அயலில் ஊதாப் பூவுடன் படர்வது அடம்பன் கொடி. அது புல் அன்று. ஆனால் தொழிலில் இதன் கூட்டாளி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது நம் பழமொழி.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை இக்கரையோரத்தில் எவரும் மறக்க இயலாது. இலங்கையில் அன்று மிகுந்த உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டமே. பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் கல்முனையிலும் கடலுக்கு அண்மையில் இருந்த வீடுகள் அடியோடு போயின. புல் நின்றிருந்தால் அந்த அலையைத் தடுத்திருக்கும் என்று நான் கூறமாட்டேன்; அத்தகைய பேரலைக்கு முன் புல் எம்மாத்திரம்? ஆனால் ஆண்டுதோறும் வரும் மாரிக்கால அலையும் கச்சான் காற்றும் வேறு. அவற்றின் முன் மணலைக் கட்டிக்காப்பது இப்புல்லே. கரையைத் துப்புரவு செய்கிறோம் என்று மண்வெட்டியால் இதைச் செதுக்கி எறியும்போது, எறிவது குப்பையென்று நினைக்கிறோம். பெயர் தெரியாத பொருளுக்குக் குப்பை என்பதே பெயராகிவிடுகிறது.

கரையை விட்டு ஊருக்குள் வருவோம். வீட்டு முற்றத்தில், கோயில் வீதியில், பள்ளிவாசல் வளவில், விளையாட்டு மைதானத்தில் காலடியில் கிடப்பவை விரல் விரித்த புற்கள். இவற்றுள் மூன்றை மக்கள் ஒன்றாகவே எண்ணுகின்றனர். மூன்றிலும் ஒரு காம்பின் நுனியில் விரல்கள் போலக் கதிர்கள் விரிகின்றன என்பதே காரணம்.

முதலாவது அறுகு. பிள்ளையாருக்குச் சாத்துவது இதுவே. மெல்லிய விரல்கள், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு வரை, ஒரே புள்ளியிலிருந்து விரியும். தண்டு தரைமேலும் ஓடும், தரைக்குள்ளும் ஓடும். கழுத்தில் சவ்வு நாக்குக்குப் பதிலாகச் சிறு மயிர் வரிசை ஒன்று இருக்கும்.

இரண்டாவது காக்காய்க்கால் புல். மணற்பாங்கான இடத்தில் மிகுதி. இதன் விரல்கள் குட்டையாகவும் தடித்தும் இருக்கும். ஒவ்வொரு விரலின் நுனியிலும், விதையில்லாத சிறு கூர் ஒன்று நகம் போல் நீண்டு நிற்கும். அந்த நகத்தைக் கண்டால் ஐயமில்லை. அறுகின் விரலுக்கு நகம் இல்லை.

மூன்றாவது, குரக்கனின் நெருங்கிய காட்டுறவு. இது ஓடிப் படராது. ஓரிடத்திலேயே கொத்தாகக் கிடக்கும். அடிப்பகுதி தட்டையாக நசுங்கியதுபோல், வெள்ளி வெளுப்பாக இருக்கும். விரல்களுள் ஒன்று பெரும்பாலும் மற்றவற்றுக்குச் சற்றுக் கீழே தனியே முளைத்து நிற்கும். பிடுங்கிப் பாருங்கள், உங்கள் கைதான் வலிக்கும். அத்துணை உறுதியான வேர். குரக்கன் கதிரையும் இதன் கதிரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெரியம்மா மகளும் சின்னம்மா மகளும் போல முகச்சாயல் தெரியும்.

இந்த விரல் அடையாளம் நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில், ஒருகாலத்தில் ஆளுயரப் புல்வெளி கடல்போல் பரந்திருந்தது. அங்கே தலைமையான புல் ஒன்றின் கதிர் மூன்று விரலாகப் பிரிவதைக் கண்ட மக்கள், அதற்கு 'வான்கோழிக்கால்' என்று பெயரிட்டார்கள். நம்மவர் காக்கையின் காலைக் கண்டார்கள். அவர்கள் வான்கோழியின் காலைக் கண்டார்கள். புல்லைக் கூர்ந்து நோக்கும் கண் எந்த நாட்டிலும் ஒன்றே. ஆனால் அந்த உயர்புல்வெளி பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருக்குக் கலப்பையின்கீழ் மறைந்தது. பழைய பரப்பில் நூற்றுக்கு நான்கு பங்குகூட இன்று எஞ்சவில்லை. எஞ்சிய துண்டுகளில் எது சொந்தப் புல், எது வந்த புல் என்று பிரித்தறிவதற்காகவே அங்கே மக்கள் இப்போது வயதுவந்த பிறகு புல்லெழுத்துப் படிக்கின்றனர். இழந்த பிறகு கற்பது எவ்வளவு கடினம் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

ஊரைக் கடந்து மேற்கே சென்றால் வயல்வெளி. இங்கேதான் புல்லறிவு வயிற்றுப்பாட்டோடு நேரே மோதுகிறது. நெற்சப்பி என்றும் கோழிச்சூடன் என்றும் ஊருக்கு ஊர் பெயர் மாறி வழங்கும் களைகள், நெல்லோடு ஒரே சேற்றில் ஒரே நாளில் முளைப்பவை. நெல்லின் உரத்தை உண்டு, நெல்லுக்கு முன்பே விதை உதிர்ப்பவை. இளமையில் நெல்லைப் போலவே தோன்றுபவை. ஏன் அப்படித் தோன்றுகின்றன என்பதில் வியப்பான வரலாறு ஒன்று உண்டு.

களை பிடுங்கும் கை, நெல்லுக்கு வேறாகத் தெரியும் களையை முதலில் பிடுங்கும். நெல்லைப் போல் நிமிர்ந்து, நெல்லைப் போல் பச்சையாக நிற்கும் களை கண்ணுக்குத் தப்பும். தப்பியது விதைக்கும். அடுத்த போகத்தில் அதன் பிள்ளைகள் முளைக்கும். அவற்றுள்ளும் மிகவும் நெல்லைப் போன்றதே தப்பும். இப்படித் தலைமுறை தலைமுறையாக, களை தன் முகத்தை நெல்லின் முகமாக மாற்றிக்கொண்டுவிட்டது. பயிரைப் போல் வேடமிடும் களைகளைப் பற்றி ரஷ்ய அறிஞர் வவிலோவ் ஆராய்ந்து எழுதியதால், இவ்வியல்பு அவர் பெயராலேயே வழங்குகிறது. சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் வளரும் நெற்சப்பியின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், அங்கே இந்த வேடம் ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன் உருவானதென்று 2019இல் வெளியிட்டார்கள். ஆயிரம் ஆண்டுகள் உழவரின் கண்ணும் களையின் உடலும் ஒன்றையொன்று வெல்ல முயன்றிருக்கின்றன. களை தன் நிமிர்வையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டது. ஆனால் நெல்லின் நாக்கை மட்டும் அதனால் பெற்றுக்கொள்ள முடியவில்லை. கழுத்தைப் பாருங்கள் என்று எனக்குச் சொன்ன அந்த அம்மா, எந்தப் பள்ளியிலும் கற்காமலே, அந்த ஆயிரம் ஆண்டுப் போரின் இறுதி இரகசியத்தை அறிந்திருந்தார்.

பின்னர் களைகொல்லி வந்தது. வரிசையாகக் குனிந்து நின்ற பெண்கள் வயலை விட்டுச் சென்றனர். குனிந்து செய்த அந்தக் கடும் உழைப்பு நீங்கியது குறித்து நான் வருந்தவில்லை. அந்த முதுகுகளுக்கு ஓய்வு வேண்டியதே. ஆனால் அவர்களோடு அந்தக் கண்ணும் சென்றுவிட்டது. மருந்து தெளிப்பவருக்குப் புல்லின் பெயர் தெரியவேண்டியதில்லை. போத்தலின் பெயர் தெரிந்தால் போதும் என்றாயிற்று. அதற்குள் களையும் சும்மா இருக்கவில்லை. புரோபனில் என்னும் மருந்துக்கு மசியாத நெற்சப்பி இலங்கையில் கண்டறியப்பட்டு, 2002இல் அதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. முன்பு கண்ணை ஏமாற்றிய புல், இப்போது மருந்தையும் ஏமாற்றக் கற்றுக்கொண்டது.

2021ஆம் ஆண்டில் இரசாயன உரமும் விவசாய மருந்துகளும் நாட்டுக்குள் வருவது தடைசெய்யப்பட்டதை நினைவில் வைத்திருப்பீர்கள். அத்தடை அவ்வாண்டின் இறுதிக்குள் தளர்த்தப்பட்டது. ஆனாலும் இடைப்பட்ட பெரும்போகத்தில் மருந்தின்றி நின்ற வயல்களைக் கண்டேன். மீண்டும் கையால் களை எடுக்கவேண்டி வந்தபோது, வரம்பில் நின்ற ஓர் இளைஞர் என்னிடம், "ஐயா, இதில் எது நெல், எது களை?" என்று கேட்டார். நான் முன்பொருநாள் நின்ற அதே இடத்தில் அவர் நின்றார். அவர் கையில் இரண்டு பயிரைக் கொடுத்து, கழுத்தைப் பாருங்கள் தம்பி என்றேன். எனக்குச் சொன்னவர் அப்போது உயிரோடு இல்லை.

ஆனால் நாக்கைப் பார்த்தும் பிடிபடாத பகைவன் ஒன்று உண்டு. அதுவே பன்றி நெல். 1990-களில் கிழக்கு மாகாண வயல்களில் இது பெருந்தொல்லையாகக் கவனத்துக்கு வந்தது. இதற்கு நாக்கும் உண்டு, செவியும் உண்டு; ஏனெனில் இதுவும் நெல்லே. நெல் தன் பயிர்க்குணத்தை விட்டுக் காட்டுக்குணத்துக்குத் திரும்பிய வடிவம் இது. பயிர் நெல்லைவிடச் சற்று உயர்ந்து நிற்பதும், மணியின் நுனியில் மீசை நீள்வதும், உமியை நீக்கினால் அரிசி பெரும்பாலும் சிவந்திருப்பதும் இதன் அடையாளங்கள். இவற்றை எல்லாவற்றினும் உறுதியானது ஒன்று உண்டு: கதிரை உள்ளங்கையில் ஏந்தி மெல்லத் தட்டுங்கள். முற்றியும் முற்றாத நிலையிலேயே மணி உதிர்ந்தால், அது பன்றி நெல். பயிர் நெல் அறுவடை வரையில் மணியைப் பிடித்துக்கொண்டிருக்கும். விதைநெல்லைத் தூய்மையாகத் தேர்ந்தெடுப்பதே இதற்கு முதல் மருந்து.

வயலோரக் குட்டைகளிலும் குளக்கரைகளிலும் இதன் சாயலில் நிற்கும் உண்மையான காட்டு நெல்லும் உண்டு. அதையும் களை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1970-களில் ஆசிய நாடுகளின் நெல்வயல்களைப் புல்குட்டை நோய் என்னும் நச்சுயிரி நோய் வாட்டியது. கபிலத் தத்தி அதைப் பரப்பியது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் ஆயிரக்கணக்கான நெல்வகைகளைச் சோதித்தும் எதிர்ப்பாற்றல் கிடைக்கவில்லை. இறுதியில் இந்தியாவின் உத்தரப் பிரதேசத்திலிருந்து சேகரித்த காட்டு நெல் ஒன்றில்தான் அது கிடைத்தது. அந்த ஆற்றலைப் பயிர் நெல்லில் கலந்த பிறகே அந்நோய் அடங்கிற்று. அதே காட்டு நெல்லினம் இலங்கையிலும் வளர்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத காட்டு நெல் இனம் ஒன்றும் இத்தீவுக்கே உரியதாக இருக்கிறது. அறிவியல் அதற்குப் பெயரிட்டது 1990இல்தான். நாம் பெயரறியாது மிதித்த ஒன்று, நாளை நம் சோற்றைக் காக்கக்கூடும்.

கிட்டங்கித் துறையைத் தாண்டி, நாவிதன்வெளி கடந்து, இன்னும் மேற்கே செல்வோம். வயல்கள் முடிந்து காடும் குன்றும் தொடங்கும் அப்பக்கத்தில், பட்டிப்பளை ஆறு என்று நாம் அறிந்த கல்லோயாவைச் சார்ந்து, மரங்கள் தூரத்தூர நிற்கும் புல்வெளிகளைக் காணலாம். சிங்களத்தில் இவற்றைத் தமனை என்பர். கடுக்காய், தான்றி, நெல்லி என்னும் திரிபலை மரங்கள் மூன்றும் இங்கே இயல்பாக வளர்கின்றன. 1954இல் அமைக்கப்பட்ட கல்லோயா தேசியப் பூங்காவில் இத்தகைய புல்வெளிகள் பேணப்படுகின்றன. அமெரிக்கப் புல்வெளிக்கு நிகராக நம் பக்கத்தில் ஒன்றைக் காட்டச் சொன்னால், இதையே காட்டுவேன்.

இங்கே மூன்று புற்களைப் பிரித்தறியத் தெரிந்தால் போதும். முதலாவது மானாப்புல். இதை அறிய மூக்கே கருவி. இலையைக் கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை வாசம் எழும். இலங்கையின் புகழ்பெற்ற சித்திரனெல்லா எண்ணெய் இதன் இனத்திலிருந்தே காய்ச்சப்படுகிறது. இரண்டாவது இலுக்கு. இதன் இலையை விரித்துப் பாருங்கள். வெண்மையான நடு நரம்பு நடுவில் ஓடாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடும். தோண்டினால் வேர்த்தண்டின் முனை ஊசி போலக் கூர்ந்திருக்கும். பூத்தால் வெண்பட்டுக் குஞ்சம். நம் முன்னோர் கூரை வேய்ந்த புல் இது. தீ மேலே எரித்தாலும், மண்ணுக்குள் கிடக்கும் தண்டிலிருந்து மீண்டும் தளிர்க்கும்.

மூன்றாவது கினிப்புல். இது இம்மண்ணுக்குரியதன்று. ஆபிரிக்காவில் பிறந்தது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்நடைத் தீனிக்காகக் கொண்டுவரப்பட்டது. ஆளுயரத்தையும் தாண்டும். கதிர் பெரிதாக விரிந்து தொங்கும். அதன் அடிக்கிளைகள் ஒரே கணுவைச் சூழ்ந்து சக்கரம்போல் புறப்படும். அவ்வட்டத்தைக் கண்டால் இதுவே என்று துணியலாம். மாடும் யானையும் இதை உண்ணும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இது அடர்ந்த இடத்தில் சிறு புற்களுக்கு வெயில் இல்லை. கோடையில் இது காய்ந்து நின்றால் தீக்கு விறகு. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மானாவும் இலுக்கும் கினியும் ஒரே பச்சை. வெளி நிறையப் புல் இருக்கிறதே என்று மகிழ்ந்து திரும்பிவிடுவார். ஆனால் புல்வெளி இருக்க, அதன் பழைய குடிகள் வெளியேறிக்கொண்டிருப்பதை, பெயர் அறிந்தவர் மட்டுமே காண்பார்.

நேயர்களே, நடை முடிந்தது. இனி நீங்கள் செய்யக்கூடிய சிறு பணி ஒன்றைச் சொல்லி விடைபெறுகிறேன். உங்கள் வளவிலோ வயலிலோ காணும் புல் ஒன்றை வேரோடு எடுங்கள். மண்ணைக் கழுவுங்கள். தண்டை உருட்டுங்கள், கணுவைத் தொடுங்கள், இலையை மெல்லப் பின்னுக்கு வளைத்துக் கழுத்தைப் பாருங்கள். சிறிய உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்று இருந்தால் மேலும் நன்று. பின்பு பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே விரித்து, மேலே பாரம் வைத்து உலர்த்துங்கள். எடுத்த இடம், நாள், மண்ணின் தன்மை ஆகியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். நூல்வழி அறிய விரும்புவோருக்குச் சேனாரத்ன 1956இல் வெளியிட்ட இலங்கைப் புற்கள் பற்றிய நூல் இன்றும் நல்ல துணை. பேராதனையிலுள்ள தேசிய உலர்தாவரக் காப்பகத்தில், இத்தீவின் புற்கள் இப்படியே தாளில் உலர்த்தி வைக்கப்பட்டுள்ளன.

ஆனால் அதற்கு முன் செய்யவேண்டியது இன்னொன்று. உங்கள் வீட்டில் வயலறிந்த மூத்தவர் இருந்தால், அம்மம்மாவோ, மூத்தம்மாவோ, அப்பப்பாவோ, அந்தப் புல்லை அவர் கையில் கொடுத்து, இதற்கு என்ன பெயர் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை அப்படியே அந்தத் தாளில் எழுதுங்கள். புல் அடுத்த மாரிக்கு மீண்டும் முளைக்கும். அதற்கு நம் ஊரில் வழங்கிய பெயர், அறிந்தவர் மறைந்தபின் மீண்டும் முளைப்பதில்லை.